சூதாட்ட நகரத்துச் சுற்றுலா: எந்த மேடைக்குச் சீட்டு எடுப்பது?



ஐப்பசி பிறந்துவிட்டால் திருப்பூரின் பேச்சே மாறிவிடும். ஷிப்மெண்ட் தேதி, போனஸ் பட்டுவாடா, ஊருக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கான பேருந்து என்று நகரம் முழுவதும் தீபாவளி விடுமுறைக்கு ஆயத்தமாகும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் இயந்திரங்கள் ஓசையடங்கிக் கிடக்கும் அந்தச் சில நாள்கள்தாம், ஆண்டு முழுவதும் இரவு பகல் பாராமல் உழைக்கும் நம் குடும்பங்களுக்கு வாய்க்கும் நீண்ட ஓய்வு. பண்டிகை நம்முடையதன்று, ஆனால் விடுமுறை நமக்கும் உண்டு. திருமுருகன்பூண்டியிலும் அவிநாசிச் சாலை நெடுகிலும் பனியன் தொழிலை நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்களில், சற்று வசதி வாய்ந்தவர்கள் இந்நாள்களில் வெளிநாடு சென்று வருகின்றனர். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இன்றித் தங்கலாம் என்று மலேசிய அரசு அறிவித்தபின், கோலாலம்பூரும் அதன் அருகிலுள்ள கெந்திங் மலையும் பலருடைய பயணத் திட்டத்தில் இடம்பிடித்துவிட்டன. நம் ஊர் முகவர்கள் அந்த மலையை ‘ஜெண்டிங்’ என்பார்கள்.

முகவர் தரும் பயண நிரலில் காலை, மதியம், மாலை என எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கெந்திங்கில் தங்கும் இரவுக்கு எதிரே மட்டும் “மேடை நிகழ்ச்சி, விருப்பப்பட்டால், கட்டணம் தனி” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனெனில் மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மார்கள் கேட்பதும் அதைப் பற்றியே. “அங்கே சூதாட்டக் கூடம் இருக்குதாமுங்க ஹஜ்ரத். நாங்க அதுக்குள்ள போகப் போறதில்லீங்க. ராத்திரி ஷோவுக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?”

இது மழுப்பலான விடைக்குரிய கேள்வியன்று. கேட்பவர் அல்லாஹ்வை அஞ்சிக் கேட்கிறார். பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் எண்ணிக் கேட்கிறார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடை நிகழ்ச்சி என்பதாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகிவிடாது. சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை என்பதாலேயே அது ஆகுமானதாகவும் ஆகிவிடாது. அந்த மேடை எதற்காக அமைக்கப்பட்டது, அதில் காட்டப்படுவது என்ன, அதற்காக நாம் எதை இழக்கப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே சீட்டு எடுக்க வேண்டும்.

மார்க்கம் மகிழ்ச்சியை மறுக்கவில்லை

மார்க்கம் என்றாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடப்பது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் ஒரு பெருநாள் நிகழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி வித்தை காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்தவாறு, அவர்களாகவே போதும் என்று சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்கள். விளையாட்டில் ஆசை கொண்ட ஓர் இளம்பெண்ணின் மனநிலையைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று அன்னை அவர்களே பிற்காலத்தில் இதை எடுத்துரைத்தார்கள்.

கண்முன் நிகழ்ந்த கலைக்காட்சி ஒன்றைக் குடும்பத்துடன் கண்டு களித்த முன்மாதிரி நமக்கு இருக்கிறது. அதில் எவையெல்லாம் அமைந்திருந்தன என்பதைப் பாருங்கள். இடம் தூய்மையானது. நாள் மகிழ்ச்சிக்குரியது. காட்டப்பட்டது வீரமும் பயிற்சியும் கலந்த திறமை. காணச் சென்ற பெண்ணின் கண்ணியம் காக்கப்பட்டது. எவ்வளவு நேரம் என்பதைக் கூட்டமோ காட்சி நடத்துபவரோ முடிவு செய்யவில்லை. அந்தப் பெண்ணின் மனநிறைவே முடிவு செய்தது. அழைத்துச் சென்றவர் அலுத்துக்கொள்ளவுமில்லை.

அபூதாவூதில் வரும் இன்னொரு செய்தி பயணத்தைப் பற்றியது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள், அன்னை வென்றார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, இது அதற்கு ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அதில் மேடையும் இல்லை, சீட்டும் இல்லை. ஆயினும் அந்த நினைவு பல்லாண்டுகள் கழித்தும் சொல்லி மகிழத்தக்கதாக இருந்தது. இல்லத்தில் மனைவி மக்களோடு இருக்கையில் உள்ளத்தின் நிலை மாறிவிடுகிறதே என்று கலங்கிய ஹன்ழலா (ரலி) அவர்களுக்கு, ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படி என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். எனவே ஓய்வையும் களிப்பையும் நாடுவது குற்றமன்று. எங்கே, எப்படி நாடுகிறோம் என்பதே கேள்வி.

அந்த மலை எப்படி நகரமாயிற்று?

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்தில், பகாங் – சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கெந்திங். லிம் கோ தோங் என்ற சீனக் கட்டுமான ஒப்பந்தக்காரர் 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்டப் பணியில் இருந்தபோது, தலைநகருக்கு அருகே இப்படியொரு குளிர்மலை வாசத்தலம் வேண்டும் என்று எண்ணினார். 1965இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மலேசிய மக்களவையின் முதல் சபாநாயகரான முகம்மது நோவா ஒமார் அதில் பங்காளி. காட்டைத் திருத்தி மலைமேல் சாலை போட்ட பிறகு, 1969இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். அரசின் உதவியின்றி எழுப்பப்பட்ட அந்தத் தலம் சுற்றுலாவால் வளர வேண்டும் என்பதற்காகச் சூதாட்ட உரிமமும் வழங்கப்பட்டது. 1971இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. இன்றளவும் மலேசியாவில் சட்டப்படி இயங்கும் சூதாட்டக் கூடம் அங்கு மட்டுமே உள்ளது.

அதைச் சுற்றித்தான் மற்றவை வளர்ந்தன. 7,351 அறைகளைக் கொண்ட ஃபர்ஸ்ட் வேர்ல்டு விடுதி, அறைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று 2015இல் கின்னஸ் சான்று பெற்றது. ஏறத்தாழ 6,000 பேர் அமரும் ‘அரீனா ஆஃப் ஸ்டார்ஸ்’ அரங்கில் சீன, மலாய் இசைக் கச்சேரிகளும் பிறவும் நிகழ்கின்றன. 2016இல் புதிய கம்பிவட ஊர்தியும் 2022இல் ‘ஸ்கைவேர்ல்ட்ஸ்’ கேளிக்கைப் பூங்காவும் வந்தன. மலையின் நடுப்பகுதியில் முகம்மது நோவா அறக்கட்டளையின் பெயரால் அழகியதொரு பள்ளிவாசலும் இருக்கிறது.

அந்த மலையில் எல்லாமே பாவம் என்று நான் சொல்லவில்லை. மூடுபனியும் மழைக்காடும் அல்லாஹ்வின் படைப்பு. கம்பிவட ஊர்தியில் பிள்ளைகளோடு செல்வதில் மார்க்கத் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நகரத்தின் நடுவில் எரியும் விளக்கு எது என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டாருக்கு வேலி, விருந்தாளிக்கு வாசல்

இந்தச் சூதாட்ட நகரங்களை நடத்தும் அரசுகள், தம் சொந்த மக்களை அதிலிருந்து எப்படிக் காக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

மலேசியாவில் முஸ்லிம்கள் சூதாட்டக் கூடத்துக்குள் செல்ல அனுமதி இல்லை. சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா கூடங்களுக்குள் செல்ல விரும்பும் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 முதல் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் வரி கட்ட வேண்டும். வெளிநாட்டவரோ பாஸ்போர்ட்டைக் காட்டினால் கட்டணமின்றிச் செல்லலாம். நம் நாட்டில் கோவா அரசு, மாண்டோவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களுக்கும் விடுதிக் கூடங்களுக்கும் கோவா மக்களே செல்லக் கூடாது என்று 2020 பிப்ரவரி முதல் தடை விதித்தது. நேபாளத்திலும் உள்நாட்டவருக்குத் தடை உண்டு.

தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாத பண்டத்தை விருந்தாளியின் இலையில் வைக்கும் வீட்டை நாம் என்னவென்று சொல்வோம்? இந்த நகரங்கள் எதிர்பார்த்திருக்கும் விருந்தாளி நாம்தான். தீபாவளி விடுமுறையில் கையில் பணத்தோடு வந்து இறங்கும் தொழில் நகரத்துக் குடும்பங்களைத்தான் அவற்றின் விளம்பரங்கள் அழைக்கின்றன.

இதில் நம்மவர்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. மலேசிய முஸ்லிமின் அடையாள அட்டையில் அவர் மதம் அச்சிடப்பட்டிருக்கும். வாசலில் நிற்கும் காவலர் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடலாம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் மதம் குறிக்கப்படுவதில்லை. இருபத்தொரு வயது நிரம்பிய நம் வீட்டு இளைஞனை அந்த வாசலில் தடுத்து நிறுத்துவதற்கு அவனுடைய இறையச்சத்தைத் தவிர வேறு காவலர் இல்லை. அந்த அச்சம் கெந்திங்கில் வைத்துக் கற்றுத்தரக்கூடியதன்று. விமானம் ஏறுவதற்கு முன்பே அது அவன் நெஞ்சில் இருந்தாக வேண்டும்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸை நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே ஐயத்துக்குரியவை உள்ளன. அந்த ஐயத்தில் விழுபவர், காப்புநிலத்தின் விளிம்பில் ஆடு மேய்ப்பவரைப் போன்றவர் என்று நபியவர்கள் விளக்கினார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிளுவை வேலியின் ஓரத்திலேயே ஆட்டை விட்டுவிட்டு, அது வேலிக்குள் தலையை நீட்டாது என்று மரநிழலில் தூங்கப் போகும் இடையன் யாருமில்லை.

சீட்டு வாங்கினால் சூதுக்குத் துணைபோனதாகுமா?

“அந்த நிறுவனத்தின் வருமானமே சூதாட்டத்தில்தானே? அவர்களிடம் சீட்டு வாங்குவதே ஹராம் அல்லவா?” என்று கேட்பவர்களும் உள்ளனர். இதில் அவசரப்பட்டுத் தீர்ப்பு வழங்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் யூதர் ஒருவரிடம் தம் கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை பெற்றார்கள் என்பது புகாரியில் உள்ளது. ஒருவருடைய வருமானத்தில் ஹலாலும் ஹராமும் கலந்திருந்தாலும், அவரிடம் ஆகுமான பொருளை ஆகுமான முறையில் விலைகொடுத்து வாங்குவது கூடும் என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவ்வாறிருக்க, விடுதி அறைக்கோ கம்பிவட ஊர்திக்கோ கொடுக்கும் பணத்தை ஹராம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

ஆனால் மேடை நிகழ்ச்சி சற்று வேறுபட்டது. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடைக் கண்காட்சிக்காக நம் ஏற்றுமதியாளர்கள் சிலர் சென்றுவரும் நகரம் அது. அங்கே நெடுங்காலம் பாட்டும் ஆட்டமும் மலிவு விருந்தும் நட்டத்திலேயே நடத்தப்பட்டன. வந்தவர் போகும் வழியில் பந்தயமேசையில் அமர்ந்தால் போதும், போட்ட நட்டம் பன்மடங்காகத் திரும்பும் என்பது கணக்கு. 1990களின் இறுதியிலிருந்து அந்நகரத்தின் பெருவிடுதிகள் அறை, உணவு, நிகழ்ச்சி ஆகியவற்றிலேயே சூதாட்டத்தைவிட அதிகம் சம்பாதிக்கத் தொடங்கின. ஆகவே இன்று எல்லா நிகழ்ச்சிகளும் தூண்டில் இரை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் சில நிகழ்ச்சிகள் இன்றும் இரைதான். எது இரை, எது தனிக் கலைநிகழ்ச்சி என்று பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

அல்லாஹ் மதுவையும் சூதையும் பற்றிச் சொல்லும்போது (5:90), செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் அவற்றைவிட்டு விலகியிருக்கும்படி ஏவுகிறான். அடுத்த வசனத்தில் காரணமும் கூறுகிறான். மனிதர்களிடையே பகையை மூட்டுவதும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் ஷைத்தானின் நோக்கம் என்கிறான். ஆகவே பந்தயமேசையைத் தொடாமலே தொழுகையைத் தொலைத்துவிட்டு வருபவர், அந்த நோக்கத்தில் பாதியை நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

சீட்டு எடுக்குமுன் விசாரிக்க வேண்டியவை

முதலாவது, சீட்டோடு சேர்ந்து வருவது என்ன? சீட்டின் விலைக்குள் மதுவோ, பந்தயக் காசோ, சூதாட்டக் கூடத்துக்கான சலுகைச் சீட்டோ அடங்கியிருந்தால் அந்தச் சீட்டு வேண்டாம். தாம் அவற்றைப் பயன்படுத்தமாட்டோம் என்பது விடையாகாது. விலை கொடுத்து வாங்கியாயிற்று. மது பரிமாறப்படும் விருந்துமேசையில் அமர வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதியில் உள்ளது. இரவு விருந்துடன் கூடிய நிகழ்ச்சிகளுக்கு அது நேரடியாகவே பொருந்தும். யாரோ ஒருவர் சூதாடிச் சேர்த்த புள்ளிகளால் கிடைத்த இலவசச் சீட்டை அன்போடு நீட்டினாலும், அதே அன்போடு மறுத்துவிடுவதே பேணுதல்.

இரண்டாவது, மேடையில் நிகழ்வது என்ன? மாயவித்தை, பனிச்சறுக்கு, உடல்வித்தை, கழைக்கூத்து, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் முகவர் ‘ஷோ’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டு, அதன் காணொளியை வீட்டிலேயே பாருங்கள். தாயும் மகனும் தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்து, யாரும் தலைகுனியாமல் பார்க்கக்கூடியதா என்பதே அளவுகோல். இசைக்கருவிகள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் அறிவேன். உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். ஆனால் ஆடைகுறைந்த ஆட்டத்தைப் பற்றி எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

மூன்றாவது, எந்த நேரத்தில்? ஐப்பசி மாதத்தில் கோலாலம்பூர் வட்டாரத்தில் மஃரிப் ஏறத்தாழ இரவு ஏழு மணிக்கு. இஷா எட்டு மணியைச் சற்றுக் கடந்து. இரவு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எட்டு மணியை ஒட்டித் தொடங்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் பயணிகள் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுகொள்ள இடமுண்டு. கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் மஃரிபைத் தொழுதுவிட்டு அரங்கம் சென்று, நிகழ்ச்சி முடிந்ததும் காலம் தாழ்த்தாமல் இஷாவைத் தொழ வேண்டும். மேலே தொழுகை அறை எங்கே இருக்கிறது என்பதை அரங்கம் தேடுவதற்கு முன்பே தேடிவைத்துக்கொள்ளுங்கள். பகல்நேரக் காட்சி இருந்தால் அதுவே சிறந்தது.

நான்காவது, எந்த வழியில்? அரங்கத்துக்குச் செல்லும் பாதை சூதாட்டக் கூடத்தின் வாசலை ஒட்டிச் செல்கிறதா என்று கேளுங்கள். பல நகரங்களில் வேண்டுமென்றே அப்படித்தான் கட்டியிருப்பார்கள். வேறு வழி இருந்தால் அதில் செல்லுங்கள். இல்லையெனில், வீணானவற்றைக் கடக்க நேர்ந்தால் கண்ணியத்தோடு கடந்து செல்பவர்கள் என்று அல்லாஹ் தன் நல்லடியார்களைப் பாராட்டுவதை (25:72) பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே கடந்துவிடுங்கள். அங்கே நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். வாசற்பலகையின் முன் நின்று படமெடுக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, நாம் கவனிக்கத் தவறும் ஒன்று. கேளிக்கைப் பூங்காக்களின் உள்ளரங்கில் டோக்கன் போட்டு ஆடும் பொறிகள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் பந்து எறிவது, கார் ஓட்டுவது போன்ற திறமைக்கு இடமுண்டு. வேறு சிலவற்றில் காசு போட்டால் சக்கரம் சுழன்று, வாய்த்தால் பரிசுச்சீட்டுகள் கொட்டும்; வாய்க்காவிட்டால் காசு போனது போனதுதான். பெரியவர்களின் கூடத்தில் நடப்பதற்கு இதுவே அரிச்சுவடி. எட்டு வயதுச் சிறுவன் “இன்னும் ஒரு தடவை அத்தா” என்று கையை நீட்டும்போது, அவன் கற்றுக்கொண்டிருப்பது என்ன என்பதை அத்தா யோசிக்க வேண்டும்.

இது மிகையான அச்சம் என்று எண்ணுபவர்கள் நம் மாநிலம் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கட்டும். குடும்பங்கள் அழிந்ததால்தான் 2003இல் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தோரின் தற்கொலைகள் தொடர்ந்ததால்தான் 2022இல் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட சரக்கு – சேவை வரியில், நாம் தைக்கும் 2,500 ரூபாய்க்கு உட்பட்ட ஆடைக்கு 5 விழுக்காடு. சூதாட்டக் கூடத்துக்கு 40 விழுக்காடு. உழைத்துத் தைத்த பனியனையும் உருண்ட பகடையையும் அரசின் வரிப்பட்டியல்கூட ஒரே தட்டில் வைக்கவில்லை.

தொழில் அழைப்பாக வந்தால்?

குடும்பப் பயணத்தில் முடிவு நம் கையில் இருக்கிறது. தொழில் அழைப்பில் அப்படியில்லை. நூல், சாயம், இயந்திரம் விற்பவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வது நம் தொழிலில் வழக்கம். கோவா என்றால், மாலையில் சூதாட்டக் கப்பலில் பாட்டு, ஆட்டம், விருந்து எல்லாம் ஏற்பாடாகியிருக்கும். அந்தக் கப்பல்களின் நுழைவுச் சீட்டிலேயே உணவும் மதுவும் மேடை நிகழ்ச்சியும் பந்தயச் சீட்டும் ஒன்றாகக் கட்டி விற்கப்படுவதுண்டு. ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கும் சிறு முதலாளி, வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். பத்துத் தையல்காரர்களின் அடுப்பு அந்த ஆர்டரில்தான் எரிகிறது.

ஆனால் ஜும்ஆ அத்தியாயத்தின் இறுதி வசனம் (62:11) இறங்கிய சூழலை நினைவுகூருங்கள். நபி (ஸல்) அவர்கள் பேருரை நிகழ்த்தி நின்றிருந்த வேளையில் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்குள் வந்தது. மக்கள் அதை நோக்கி ஓடினார்கள். பன்னிருவரே எஞ்சி நின்றார்கள் என்கிறார் ஜாபிர் (ரலி). அந்த வசனம் வணிகத்தையும் வேடிக்கையையும் சேர்த்தே பேசுகிறது. இரண்டையும்விட அல்லாஹ்விடம் இருப்பது மேலானது என்றும், வாழ்வாதாரம் அளிப்பவர்களில் சிறந்தவன் அவனே என்றும் முடிகிறது. அதற்கு முந்தைய வசனமோ, தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அவனருளைத் தேடும்படி நம்மை அனுப்புகிறது. வணிகத்துக்குத் தடை இல்லை. எது முன், எது பின் என்ற வரிசை இருக்கிறது.

சூதாட வா என்று நண்பனை அழைத்தவரே அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்று நபியவர்கள் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அழைப்பைச் சொன்ன நாவுக்கே பரிகாரம் வேண்டுமெனில், அழைப்பை ஏற்று ஏறும் காலுக்கு என்ன வேண்டும்? ஆகவே அழைப்பு வந்த அன்றே, பயணத்துக்கும் கூட்டத்துக்கும் வருகிறேன், இரவு நிகழ்ச்சியிலிருந்து மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஆற்றங்கரையில் நின்று தயங்குவதைவிடத் திருப்பூரில் இருக்கும்போதே சொல்வது எளிது. ரமலானில் நாம் பகல் விருந்துக்கு வருவதில்லை என்பதைப் பிற சமயத்து நண்பர்கள் மதிக்கவில்லையா? இதையும் மதிப்பார்கள். மதிக்காத ஒருவர் இருந்தால், அவரிடமிருந்து வரும் ஆர்டரும் நெடுநாள் நிலைக்கப் போவதில்லை.

வேறு என்ன இருக்கிறது?

விலக்குவதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளைகளுக்கு மார்க்கம் பூட்டிய கதவாகத் தெரியும். கெந்திங்கில் ஒரு பகலைக் கழித்துவிட்டு இரவில் கோலாலம்பூருக்கு இறங்கிவிடும்படி நிரலை மாற்றித்தரச் சொல்லுங்கள். தேசியப் பள்ளிவாசல், இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், பறவைப் பூங்கா மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பறவைகள் பயிற்சியாளரின் கையில் வந்தமரும் காட்சியும் மேடை நிகழ்ச்சிதான். மலாய் மக்களின் சிலாட் தற்காப்புக் கலையைக் காண வாய்த்தால், ஈட்டி வித்தை கண்ட அந்தப் பெருநாள் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? வெள்ளிக்கிழமை அங்கே இருக்க நேர்ந்தால் மஸ்ஜித் இந்தியாவுக்குச் செல்லுங்கள். 1863இல் தோன்றிய அந்தப் பள்ளியில் ஜும்ஆ உரை தமிழில் ஒலிக்கக் கேட்கலாம். கடல் கடந்து பிழைக்கப் போன நம் முன்னோர், தம் மொழியையும் மார்க்கத்தையும் அங்கே எப்படிக் காத்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

பயணம் புறப்படுவதற்கு முந்தைய இரவு குடும்பத்தோடு அமர்ந்து நிரலைப் படியுங்கள். வீட்டுப் பெண்களின் கருத்தையும் கேளுங்கள். எந்தக் கூட்டத்தில் தங்களுக்குக் கூச்சம் நேரும் என்பதை அவர்களே அறிவார்கள். வளர்ந்த பிள்ளைகளிடம் மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் கொடுத்து, நிகழ்ச்சியை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தந்தை தடுத்ததால் விலகியவன், தந்தை இல்லாத இடத்தில் நுழைந்துவிடுவான். தானே ஆராய்ந்து விலகியவனுக்கு, நாளை அவன் தனியே லாஸ் வேகஸுக்கோ மக்காவுவுக்கோ தொழில் நிமித்தம் சென்றாலும் அந்த ஆராய்ச்சி துணைக்கு வரும். ஒரு பயணத்திலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய பொருள்களில் அதற்கு ஈடான விலையுள்ளது வேறில்லை.

வல்ல ரஹ்மான் நம் உழைப்பிலும் ஓய்விலும் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளின் கண்களையும் கால்களையும் அவன் வெறுக்கும் இடங்களிலிருந்து காப்பானாக. சென்ற இடத்திலிருந்து ஈமானோடும் நலத்தோடும் நம் இல்லங்களுக்குத் திரும்பச் செய்வானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.